கோணேஸ்வரி இடம்பெயர்ந்த கதை

கோணேஸ்வரி இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்கு அதிபர். பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். எழுபத்திரண்டு பிள்ளைகள், ஐந்து ஆசிரியர்கள், ஒரு கிணறு, அவ்வளவுதான் அந்தப் பள்ளிக்கூடம். ஆனாலும் வலயத்து அதிபர்கள் கூட்டத்தில் அவளுடைய பெயர் அடிக்கடி அடிபடும். யாராவது பெற்றோர் வந்து பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்போகிறோம், விடுகைப் பத்திரம் தாருங்கள் என்று கேட்டால், வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் வருவதற்கு முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள். கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கத் தெரியாத அதிபர் என்று மற்றவர்கள் குறைப்படுவார்கள். விடுகைப் பத்திரப் புத்தகம் இருக்கிற அலுமாரிக்குப் பூட்டே கிடையாது. கடமையேற்ற அன்றே குறட்டால் பிடுங்கி எறிந்துவிட்டாள். கேட்டால், பூட்டு துருப்பிடித்துப் போய்விட்டது என்பாள்.

அது பொய். பூட்டு நல்ல பூட்டு. அந்தப் பொய்க்குப் பின்னால் இருக்கிற முழுக் கதையும் தெரிந்தவள் நான். அந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. சரியாகச் சொன்னால், ஒரு நாளைக்கு அரை முட்டை வீதம்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு, யுத்த காலம். கோணேஸ்வரியின் ஊர் விளாத்தியடி, கட்டைபறிச்சானையும் தாண்டி வயல்களுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர். அங்கிருந்து திருகோணமலைப் பட்டினத்துக்கு வருவதென்றால் மூதூருக்கு பஸ்ஸில் வந்து, அங்கே லோஞ்சு ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டும். லோஞ்சுக்கு முன்னால் சோதனை வரிசை. வரிசையில் முந்தி நிற்பவர்களுக்கு லோஞ்சில் இடம் கிடைக்கும். பிந்தியவர்கள் அடுத்த லோஞ்சு வரும்வரை வெயிலில் காய வேண்டியதுதான். துறைமுகத்தடியில் யாரும் ஓடக்கூடாது என்பது கடற்படையின் கட்டளை. ஆகவே பஸ்ஸை விட்டு இறங்கியதும் சனமெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடக்கும்.

கோணேஸ்வரியும் நடப்பாள். மற்றவர்கள் ஓடினாலும் பிடிக்க முடியாத நடை அது. இதை விளாத்தியடி ஊர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. பஸ் மூதூரை நெருங்கும்போதே ஆளுக்கொரு பையை அவளுடைய மடியில் போட்டுவிடுவார்கள். அவள் எல்லாப் பைகளையும் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவாள். பை இருக்கிற இடம் ஆள் நிற்கிற இடம் என்பது துறைமுகத்தடி நியாயம். ஊர் பின்னால் ஆடி அசைந்து வந்து தத்தம் பைக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளும்.

ஒரு நாள் அவள் ஒன்பது பைகளோடு எல்லோரையும் முந்திக்கொண்டு போனதை அன்னலட்சுமி டீச்சர் கண்டுவிட்டார். பட்டினத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் அவர் விளையாட்டு டீச்சர். மூதூருக்குச் சாமத்தியச் சடங்கு ஒன்றுக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்தவர், அந்த நடையைப் பார்த்ததும் சடங்கில் தின்ற பலகாரத்தையெல்லாம் மறந்துபோனார். பைகளோடு நடையே இப்படியென்றால், கையை வீசிக்கொண்டு ஓடினால் எப்படியிருக்கும் என்று அவருடைய மனம் கணக்குப் போட்டது. லோஞ்சு மறுகரைக்கு வந்து சேருவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. கோணேஸ்வரி பட்டினத்துப் பாடசாலைக்கு வந்தால் விடுதியில் இலவசமாக இடம், ஒரு சோடி கன்வஸ் சப்பாத்து, ஒரு நாளைக்கு ஒரு முட்டை. இதற்கு விளையாட்டுப் புலமைப்பரிசில் என்று பெயர். முட்டையைக் கொடுத்தவர் கோழி வளர்த்த ஒரு பழைய மாணவி.

பதிலுக்கு அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓட வேண்டும். மாகாணப் போட்டியில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் கொழும்பு. கொழும்பில் ஓடிய சான்றிதழ் கையில் இருந்தால் உடற்கல்விக் கல்லூரியில் இடம் கேட்கலாம், பிறகு விளையாட்டு டீச்சர் வேலை. அவளுக்கு அப்போது வயது பதினெட்டு. அடுத்த வருடம் வயதெல்லை தாண்டிவிடும். ஓடினால் அந்த வருடம், விட்டால் என்றைக்கும் இல்லை.

இடையில் இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது தடை விளாத்தியடிப் பள்ளிக்கூட அதிபர் இராசையா. அவருடைய பள்ளிக்கூடத்துக்கு அதுவரை கிடைத்த பதக்கமெல்லாம் கோணேஸ்வரி வாங்கியவைதான். பின்னேரங்களில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீதியில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து அவளுடைய ஓட்டத்துக்கு நேரம் எடுப்பவர் அவர். அந்தக் கடிகாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் முந்தி ஓடும், அது வேறு விஷயம். விடுகைப் பத்திரம் கேட்டுப் போனால், புத்தகம் அலுமாரிக்குள் இருக்கிறது, அலுமாரித் திறப்பு உப அதிபரிடம் இருக்கிறது என்பார். உப அதிபரைக் கேட்டால் அதிபரிடம் என்பார். மூன்றாம் முறை போனபோது திறப்பு மட்டக்களப்புக்குப் போய்விட்டதாகச் சொன்னார். திறப்பு எப்படித் தனியாக மட்டக்களப்புக்குப் போனது என்று கேட்கிற துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

இரண்டாவது தடை ஒன்பதாம் விதி. பாடசாலை மாறுகிற பிள்ளை ஒரு வருடத்துக்குப் புதிய பாடசாலையின் பெயரில் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ள முடியாது. முன்பு ஒரு பாடசாலை ஒரு சைக்கிளைக் காட்டி மூன்று உதைபந்தாட்டக்காரர்களை இழுத்துக்கொண்ட பிறகு கல்வி அலுவலகத்து சோமசேகரம் எழுதிவைத்த விதி இது. ஆனால் விதியின் அடியில் அவரே ஒரு வரியும் சேர்த்திருந்தார். யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. பாவம், நல்ல மனத்தோடு சேர்த்த வரி. அந்த வரியைச் சேர்த்த பிறகு எங்கள் மாவட்டத்தில் வேகமாக ஓடுகிற பிள்ளைகளும் தூரமாக எறிகிற பிள்ளைகளும்தான் அதிகமாக இடம்பெயர்ந்தார்கள். மெதுவாக ஓடுகிறவர்களை யுத்தம் அவ்வளவாகத் தொடவில்லை.

இடம்பெயர்ந்த பிள்ளை என்று கிராம சேவகர் ஒரு கடிதம் தந்துவிட்டால் விடுகைப் பத்திரமும் தேவையில்லை. ஓடிவருகிற சனம் அலுமாரித் திறப்பைத் தேடிக்கொண்டா வரும்? ஒரு கடிதத்தால் இரண்டு தடையும் விலகும் என்று கண்டுபிடித்தவர் அன்னலட்சுமி டீச்சர்.

விளாத்தியடிக்குக் கிராம சேவகராக இருந்தவர் ஆனந்தராசா. இளம் ஆள், இளகின மனம். ஊர்ப்பிள்ளை ஒன்று கொழும்புக்கு ஓடப் போகுதென்றால் தான் குறுக்கே நிற்கக்கூடாது என்று நினைத்தார். ஆனால் ஒரு சிக்கல். குமர்ப்பிள்ளை தனியாக இடம்பெயர முடியாது. குடும்ப அட்டை ஒன்று, ஆகவே குடும்பம் முழுவதும் இடம்பெயர வேண்டும். அதாவது கோணேஸ்வரியின் தாய் சீதேவியும், தகப்பன் முருகேசுவும்.

முருகேசுவுக்கு இது லேசான காரியமில்லை. ஊர் இரண்டு தடவை ஓடியபோது கடைசியாகப் போனவரும் முதலாவதாகத் திரும்பி வந்தவரும் அவர்தான். இடம்பெயர்ந்தவர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கடிதத்தில் மட்டும்தான் என்று ஆனந்தராசா விளங்கப்படுத்தினார். முருகேசு நீண்ட நேரம் யோசித்தார். பேப்பரில் போவதற்கு பஸ் காசு வேண்டாம்தானே என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து முருகேசு குடும்பம் அன்புவழிபுரத்தில், சீதேவியின் தமக்கை வீட்டில் வசிப்பதாக அரசாங்கத்துக்குத் தெரியவந்தது. முருகேசு விளாத்தியடியில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார்.

இப்படித்தான் கோணேஸ்வரி எங்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தாள். என்னுடைய கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். நான் கமலேஸ்வரி, குச்சவெளிப் பக்கம். விளையாட்டில் எனக்கிருந்த ஒரே திறமை சாப்பாட்டு மணி அடித்ததும் குசினிக்கு முதல் ஆளாகப் போய்ச் சேருவது. இரவுச் சாப்பாட்டில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் அவளுக்கு மட்டும் ஒரு சின்னக் கோப்பையில் அவித்த முட்டை வரும். அவளுக்குக் கூச்சம். தனியாகச் சாப்பிட மனம் வரவில்லை. தையல் நூலால் முட்டையை இரண்டாக அறுத்து ஒரு பாதியை என் சோற்றில் வைத்துவிடுவாள். அவளுடைய கூச்சத்தைப் போக்குவது என் கடமை என்று நானும் சாப்பிட்டேன். ஆறு மாதமாக அந்தக் கடமையில் ஒரு நாளும் நான் தவறவில்லை.

வலயப் போட்டியில் அவள் முதலாவதாக வந்தாள். இரண்டாவதாக வந்தவள் இன்னும் அரைச் சுற்றுத் தூரத்தில் இருந்தாள். அன்னலட்சுமி டீச்சர் மைதானத்திலேயே அழுதுவிட்டார். மாகாணப் போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது.

அந்த மாதத்தில்தான் சிறுபோகத்துக்கு யூரியா போட வேண்டிய நாள் வந்தது. அந்தப் பக்கத்துக்கு யூரியா போவதென்றால் இராணுவ முகாமின் அனுமதி வேண்டும். ஊரில் இத்தனை கமக்காரர் என்று கிராம சேவகர் பட்டியல் கொடுத்தால், இத்தனை மூடை என்று விடுவார்கள். விளாத்தியடிப் பட்டியலில் எழுபத்தெட்டுப் பேர். அந்த முறை வந்தது அறுபது மூடை. கூட்டுறவுச் சங்கக்கடையில் சனிக்கிழமை கொடுப்பார்கள், முந்தி வருபவர்களுக்கு. அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. பயிர் அதுவரை காத்திருக்காது.

முருகேசு தன்னுடைய பெயரைப் பார்க்கப் போனார். ஆனந்தராசா பட்டியலைப் பார்த்தார், பிறகு முருகேசுவைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார்.

"முருகேசண்ணை, நீங்கள் இங்க இல்லை."

"தம்பி, நான் இங்கதானே நிக்கிறன்."

நின்றது உண்மைதான். ஆனால் முகாமுக்கும் மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கும் போன பட்டியலில் அவர் அன்புவழிபுரத்தில் இருந்தார். அதை மாற்றுவதற்கு ஒரு வழிதான் உண்டென்று ஆனந்தராசா சொன்னார். தான் கொடுத்த அந்தக் கடிதத்தின் மூலப்பிரதி திரும்பி வர வேண்டும். அதில் ரத்து என்று முத்திரை குத்தி, குடும்பம் திரும்பி வந்துவிட்டது என்று புதுக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம். மூலப்பிரதி பட்டினத்தில், சோமசேகரத்தின் கோப்புக்குள் இருந்தது. அது அங்கே இருக்கும்வரை கோணேஸ்வரி ஓடலாம். அதை வெளியே எடுத்தால் முருகேசுவுக்கு யூரியா. கடிதம் ஒன்று, அது ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும்.

முருகேசு யாரிடமும் சொல்லாமல் லோஞ்சு ஏறி வந்தார். நேரே அன்புவழிபுரத்துக் கிராம சேவகரிடம் போய், நான் இங்கே இடம்பெயர்ந்து இருக்கிறேன், எனக்கு யூரியா வேண்டும் என்றார். அந்த மனிதர் மரியாதையாக, உங்களுடைய வயல் இங்கே எங்கே இருக்கிறது என்று கேட்டார். வயல் இல்லாதவருக்கு யூரியா இல்லை, நிவாரண அரிசி வேண்டுமானால் தரலாம் என்றார். நெல் விளைவிக்கிற மனிதர் அந்த அரிசியை வாங்காமல் வெளியே வந்தார்.

அதன்பிறகுதான் விடுதிக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர் வருகிற நாள். கோணேஸ்வரி மைதானத்தில் இருந்தாள். முருகேசு பார்வையாளர் கதிரையில் பாதியில் மட்டும் இருந்தார், முழுதாக இருந்தால் காசு கேட்பார்களோ என்பதுபோல. எள்ளுருண்டைப் பொதியை என்னிடம் தந்தார். ஓட்டம் எப்போது என்று கேட்டார். வருகிற சனிக்கிழமை என்றேன். விரலை மடித்து எண்ணினார்.

"அந்தக் கடிதம் அண்டைக்கு வரைக்கும் அங்க இருக்கத்தான் வேணுமோ, பிள்ளை?"

எந்தக் கடிதம் என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல, யூரியாவும் அதே சனிக்கிழமைதான் என்பது எனக்கு விளங்கியது. யூரியா ஒரு நாள் பிந்தியிருந்தால், ஓட்டம் முடிந்த கையோடு அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய் இரண்டையும் சமாளித்திருக்கலாம். அதைத்தான் அவர் விரலில் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

"சரி, ஓடட்டும்," என்றார் முருகேசு. "அவளுக்கு நீ ஒண்டும் சொல்லிப்போடாத."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை மாலைத் தேத்தண்ணீர்வரை காப்பாற்றினேன். என் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

கோணேஸ்வரி நான் சொன்னதை முழுதாகக் கேட்டாள். அழவில்லை. பயிர் எப்படி இருக்கிறதாம், மஞ்சள் தட்டிவிட்டதா என்று கேட்டாள். நான் அதைக் கேட்கவில்லை. அதற்குத்தான் அவளுக்கு என்மேல் கோபம் வந்தது. அன்றைக்கு முட்டையை அறுக்காமல் முழுதாக என் சோற்றில் வைத்தாள். நான் சாப்பிட்டேன். அழுதுகொண்டுதான் சாப்பிட்டேன், ஆனால் சாப்பிட்டேன்.

திங்கள் முதல் வியாழன்வரை அவள் வழக்கம்போலப் பயிற்சிக்குப் போனாள். ஓடத்தான் போகிறாள் என்று நினைத்தேன். உள்ளே சந்தோஷப்பட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பதினெட்டு வயதில் எனக்கு வயலாவது யூரியாவாவது. வெள்ளிக்கிழமை காலை அவள் சீருடையை உடுத்திக்கொண்டு அன்னலட்சுமி டீச்சரிடம் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

டீச்சர் முதலில் நம்பவில்லை. பிறகு கோபப்பட்டார். உனக்காக எத்தனை பேரிடம் பல்லைக் காட்டியிருக்கிறேன் தெரியுமா, ஒரு மூடை யூரியாவுக்காகவா இதையெல்லாம் விடுகிறாய் என்று கேட்டார்.

"டீச்சர், அது ஒரு மூடை இல்லை. ஒரு போகம்," என்றாள் கோணேஸ்வரி.

டீச்சர் மேசையிலிருந்து பேனாவை எடுத்தார். கல்வி அலுவலகத்துக்குப் போவதற்கு வெளியே செல்லும் துண்டில் கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு முறை எழுத மறுத்தது.

சோமசேகரம் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். அவருடைய மேசையில் பென்சில்கள்கூட உயர வரிசைப்படி கிடந்தன. கோணேஸ்வரி நேராகச் சொன்னாள். நாங்கள் இடம்பெயரவில்லை, சேர். கடிதத்தைத் திருப்பித் தாருங்கள். பொய்க் கடிதம் என்று எங்கள் பாடசாலையைத் தடை செய்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கோப்பை எடுத்தார், கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தார், ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"இந்த வருஷம் இடம்பெயர்ந்த கடிதம் தந்த ஓட்டக்காரர் பதினொரு பேர், பிள்ளை. திருப்பிக் கேட்டு வந்தது நீர் ஒராள்தான்."

பெயரை வெட்டினால் வெட்டினதுதான், பின்னேரம் மனம் மாறி வந்தாலும் சேர்க்க ஏலாது என்றார். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும் என்பதையும் ஞாபகப்படுத்தினார். தெரியும் சேர் என்றாள். அடிமட்டத்தை வைத்து அவளுடைய பெயருக்கு மேல் நேரான ஒரு கோடு இழுத்தார். கடிதம் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்கினார். எல்லாம் விதிப்படி முடிந்ததும் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, கடிதத்தை அதற்குள் போட்டுக் கொடுத்தார். லோஞ்சில் தண்ணீர் தெறிக்கும், கவனம் என்றார். அந்த மனிதரைப் பற்றி அதுவரை நாங்கள் பேசிய பகிடிகளுக்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

மத்தியான லோஞ்சுக்கு அவள் போய்விட்டாள். விடுதி மேற்பார்வையாளருக்குச் செய்தி எப்படிப் பறந்ததோ தெரியாது, அன்றைய இரவுச் சாப்பாட்டில் முட்டை வரவில்லை. ஓட்டம் நின்றால் முட்டையும் நிற்கும் என்பது புலமைப்பரிசிலின் எழுதாத விதி. என்னுடைய அரை முட்டைக்கும் அதே விதிதான்.

சனிக்கிழமை நான் மைதானத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. ஆயிரத்து ஐந்நூறு மீற்றரை மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வென்றாள். நல்ல பிள்ளை, நன்றாகத்தான் ஓடினாள். அவள்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோணேஸ்வரி வலயத்தில் எடுத்த நேரத்தைவிட அவள் எடுத்த நேரம் பதினொரு விநாடி அதிகம். அதைக் கேட்டதும் நான் மைதானத்தை விட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதே நேரம் குடாவின் அந்தப் பக்கத்தில் நடந்ததை நான் காணவில்லை. பிறகு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். நான் ஒன்றாக்கிச் சொல்கிறேன்.

ஆனந்தராசாவின் அலுவலகம் மூதூரில் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அது பூட்டிக் கிடந்ததால் கோணேஸ்வரி மூதூரில் உறவினர் வீட்டில் தங்கினாள். சனிக்கிழமை காலை அவர் கதவைத் திறக்கும்போது படியில் அவள்தான் நின்றாள். ரத்து முத்திரை விழுந்தது, புதுக் கடிதம் எழுதியாகிவிட்டது. பஸ் கிடைத்தது. ஆனால் கட்டைபறிச்சான் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பெண்களைச் சோதித்து முடித்த பிறகும் பஸ்ஸைச் சோதித்து முடிக்கவில்லை. சீற்றுகளைக்கூடக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சங்கக்கடை திறந்து ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது.

அவள் நடக்கத் தொடங்கினாள். ஓடவில்லை. காவலரணுக்கு முன்னால் ஓடுகிற ஆட்களுக்கு நடப்பது என்னவென்று எங்கள் ஊர்களில் குழந்தைக்கும் தெரியும். கையிரண்டையும் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, கடிதத்தைச் சோமசேகரம் தந்த உறையோடு பல்லில் கவ்விக்கொண்டு, நடந்தாள். முதுகில் காவலரணின் கண்கள் இருந்தன. வீதி வளைகிற இடத்தில் ஒரு மருதமரம். அதைத் தாண்டினால் சாவடிக்குத் தெரியாது. மரத்தைத் தாண்டியதும் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள்.

சங்கக்கடை வரிசையில் முருகேசு நின்றார். பட்டியலில் பெயர் இல்லைதான், ஆனால் வரிசையில் நிற்பதற்கு யாருடைய கடிதமும் தேவையில்லையே. கடை மனேச்சரிடம் சொல்வதற்கு வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டு நின்றாராம். அவருக்கு முன்னால் இன்னும் நான்கு பேர். பின்னால் இரண்டு பேர் தள்ளி அதிபர் இராசையா. அவருக்கும் வயல் உண்டு. கடைக்கு முன்னால் வெட்டவெளி, மருதமரம்வரை கண்ணுக்குத் தெரியும். மரத்தடியில் ஒரு பிள்ளை ஓடிவருவதை முதலில் கண்டவர் அவர்தான். ஆள் யாரென்று அறிவதற்கு முன்னாலே அவருடைய கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பியது.

முருகேசு மேசைக்கு முன்னால் வந்துவிட்டார். மனேச்சர் பட்டியலில் விரலை ஓட்டிவிட்டு, அண்ணை உங்கட பெயர் இல்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு கை வந்து, பல்லடையாளம் பட்ட பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தது. மனேச்சர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். முருகேசு குடும்பம் திரும்பி வந்திட்டுதோ என்று கேட்டார். முருகேசு திரும்பி மகளைப் பார்த்தார். அவருக்குப் பதிலாக, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள் தலையை ஆட்டினாள். ஐம்பத்திரண்டாவது மூடை அவர்களுடையது.

இராசையா திங்கட்கிழமை காலை கோணேஸ்வரியைக் கூப்பிட்டு விடுகைப் பத்திரத்தைக் கொடுத்தார். இனி அவள் பட்டினத்தில் படிப்பைத் தொடர்வதென்றால் அது வேண்டும். மட்டக்களப்புக்குப் போன திறப்பு அவருடைய சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. கோணேஸ்வரி அதைப் பார்த்தாள். அவரும் அவள் பார்த்ததைப் பார்த்தார். பத்திரத்தில் விளையாட்டு என்ற இடத்தில் தன்னுடைய முத்து முத்தான எழுத்தில் அவர் எழுதியிருந்தது இதுதான்: மருதமரத்திலிருந்து சங்கக்கடைவரை ஓட்டம், நான்கு நிமிடம் பத்து விநாடி, முதலாம் இடம். அந்தத் தூரத்தை யாரும் அளந்ததில்லை. அந்தக் கடிகாரத்தை யாரும் நம்பியதில்லை. அவளோடு ஓடியவர்களும் யாருமில்லை. கோணேஸ்வரி அந்தப் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவில்லை, யாருக்கும் காட்டியதும் இல்லை. ஆனால் பிறகு தொண்டர் ஆசிரியையாக ஏழு வருடம் உழைத்து, நிரந்தர நியமனம் கிடைத்து, பரீட்சை எழுதி அதிபராகும்வரை சேர்த்த எல்லாச் சான்றிதழ்களையும் விட அது கவனமாக இருக்கிறது. எனக்குத் தெரியும், நான் ஒருமுறை அவளுடைய அலுமாரியைத் துழாவியிருக்கிறேன்.

அவள் அதற்குப் பிறகு எந்தப் போட்டியிலும் ஓடவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. அவளுக்குக் கனக்கிறதா என்று கேட்டால் பேச்சை மாற்றி என் உடம்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவாள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை, மூடையைச் சைக்கிள் கரியரில் வைத்து முருகேசு குனிந்தபடியே கயிற்றால் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார். அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார்.

"இண்டைக்கெல்லோ உனக்கு ஓட்டம்?"

"ஓம் அப்பா," என்றாள் கோணேஸ்வரி. "ஓடித்தான் வந்தனான்."

முருகேசு குனிந்து, கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டத் தொடங்கினார்.